நான்கு வினாடி

இன்று மதியம் எனக்குப் பதினோரு விமானங்கள்.
ஒன்றுகூட மண்ணிலும் இல்லை, வானிலும் இல்லை.
லக்சம்பர்க்கில் ஓர் இருட்டறை,
அங்கே ரேடார் பழகுகிறார்கள் சிலர்.
அவர்களோடு பேசும் விமானிகள் அத்தனை பேரும்
கூத்தாநல்லூரில், எங்கள் வீட்டு மாடியில்,
புருணை நானா அனுப்பிய பீரோவுக்கும்
குறுவைக்கு வைத்த விதைநெல் மூட்டைக்கும் இடையே
ஹெட்செட் மாட்டிய நான்.

விமானம் ஏறியதுண்டா என்று கேட்டார்கள் நேர்முகத்தில்.
திருச்சியில் கண்ணாடிக்கு இந்தப்புறம் நின்று
இருபது வருடம் கையசைத்திருக்கிறேன் என்றேன்.
சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள்.

வேலை இதுதான்:
இடப்பக்கம் திரும்பு என்றால்
அதையே திருப்பிச் சொல்லி ஒரு விசையைத் தட்டவேண்டும்.
யோசனை சொல்லக்கூடாது.
அவர்கள் தப்பு செய்தால்
தப்பையும் பிசகாமல் ஒப்பிக்கவேண்டும்.

முதல் வாரம் எண்கள் சொல்லித்தந்தார்கள்.
மூன்றை 'ட்ரீ' என்று சொல்லவேண்டுமாம்,
ஆயிரத்துக்கு 'டவுசன்ட்'.
ஏழாம் வகுப்பில் இதற்குத்தான்
ஜெசிந்தா டீச்சர் ஸ்கேலால் அடித்தது.
உலக வானம் முழுக்க
என் பக்கம்தான் இருந்திருக்கிறது,
தெரியாமல் போயிற்று.

ஆனாலும் என் நாக்குக்குத்தான் சம்பளம்.
அயல் உச்சரிப்பு கேட்டால்
பழகுபவரின் கவனம் எங்கே இடறும்,
பதிலுக்கும் கட்டளைக்கும் நடுவே எத்தனை வினாடி,
அதை அளக்கிறது ஓர் ஆராய்ச்சி.
மாதிரி எண் ஒன்பது நான்.

மிலேனா தேர்வுக்கு உட்கார்ந்த அன்று
வெண்ணாற்றில் தண்ணீர் வந்துவிட்டிருந்தது.
தெருவே பாலத்துக்குப் போயிருந்தது பார்க்க.
அவளுக்குச் சளி. மூச்சு கேட்டது.
ஆறு வாரமாகக் கேட்கிற மூச்சு,
நெருக்கடியில் சின்னதாகும்.

முப்பத்து மூவாயிரத்தில் ஒன்று கிழக்கே,
முப்பத்து நான்காயிரத்தில் ஒன்று வடக்கே.
கீழே இருப்பதை
மேலே ஏறச் சொன்னாள்.

இரண்டிலும் நான்தான் விமானி.
மோதினால் என்மேல் நானே.
யாரும் சாகப்போவதில்லை,
ஒரு பெண் மட்டும்
அழுதுகொண்டே ரயிலேறி ஊருக்குப் போவாள்.

விதி தெரியும்.
உடனே ஒப்பிக்கவேண்டும்,
விரல் விசைமேல்.

ஒப்பிக்கவில்லை.

ஃபேன் ஒரு சுற்று. கீழே அடுப்பில்
தம்ரூட் கிண்டும் கரண்டி சட்டியில் உரசுகிறது.
வானொலியில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாததைக் கேட்டுத்தான்
அவள் திரையை மறுபடி பார்த்திருக்கவேண்டும்.

விட்டுவிடு, அதே உயரத்தில் இரு, என்றாள்.
அதே உயரத்தில், என்றேன்.
அசர் பாங்கு தொடங்கியது. மைக்கை மூடினேன்.

மூன்றாம் நாள் ஆராய்ச்சியாளர் பீட்டர் எழுதியிருந்தார்:
ஓரிடத்தில் நான்கு புள்ளி இரண்டு வினாடி தாமதம்.
இணையக் கோளாறா? மின்தடையா?
ஆம் என்றால் அந்த அளவை நீக்கிவிடலாம்.

எங்களூரில் மின்தடை என்று சொன்னால்
யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.
சொல்லியிருந்தால் என் நாக்கு தப்பித்திருக்கும்,
டீச்சர் அடித்த அதே நாக்கு.
ஆனால் அந்த நான்கு வினாடியும்
நடக்கவே இல்லை என்று ஆகிவிடும்.

கோளாறு எதுவுமில்லை என்று பதில் போட்டேன்.

கட்டுரை வெளிவந்தது மார்கழியில்.
மிலேனா அதற்குள் வேலையில் சேர்ந்திருந்தாள்,
நிஜ விமானங்கள், நிஜ மனிதர்கள்.
அவளுக்கு என் பெயர் தெரியாது,
பதினோரு பெயர்களில் என்னை அழைத்திருக்கிறாள்.

ஏழாம் பக்கத்தில் ஒரு வரைபடம்.
புள்ளிகளெல்லாம் கீழே
நாற்றங்கால் மாதிரி நெருக்கமாக.
மேலே வெகு தூரத்தில் ஒற்றைப் புள்ளி.
அடிக்குறிப்பு சொல்கிறது:
தெற்காசிய உச்சரிப்பின் விளைவாக இருக்கலாம்.

இருக்கலாம்.
பக்கத்தை நானாவுக்கு அனுப்பிவைத்தேன்,
அந்தப் புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டு.
என்ன இது, எந்த ஊர் என்று கேட்கிறார்.